அண்ணன் பேரில் ஒரு வயல்

மேலகரத்துக்குப் பின்னால் ஒரு வரப்பில் நிற்கிறோம். குற்றாலச் சாரல் என் மூக்குக்கண்ணாடியை நனைத்துக்கொண்டே இருக்கிறது. எதிரில் நான் வாங்க வந்திருக்கும் வயல், அதற்கப்பால் மலை. தென்காசியில் பிறந்தவன்தான் நான். ஆனால் கையில் இருப்பது சிங்கப்பூர் பாஸ்போர்ட் என்பதால் இந்த ஊர் எனக்கு இப்போது வெளிநாடு.

"வெளிநாட்டுக்காரங்க பேர்ல விவசாய நெலம் பதிய முடியாது சார்," என்கிறார் புரோக்கர். "அண்ணாச்சி பேர்ல பதிஞ்சிருவோம். பணம் உங்களது, பேரு மட்டும் அவியளது. கூடப் பொறந்த மாதிரிதான, என்ன பயம்?"

அண்ணாச்சி என்று அவர் சொல்வது என் பெரியப்பா மகனை. காலையிலிருந்து எனக்குக் கார் கதவைத் திறந்துவிடுகிறார், குடை பிடிக்கிறார். இத்தனை வருடத்தில் ஒரு போன்கூடச் செய்யாதவர். அந்தக் குடைதான் எனக்கு உறுத்துகிறது.

வரப்போரம் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து அண்ணனைப் பார்க்கிறாள்.

"அண்ணாச்சி, நீங்க வாங்கப்போற இந்த எடத்துக்கு வேலி போடப் போறதாச் சொன்னியளே, மாட்டுக்குப் புல்லு அறுக்க எனக்கு ஒரு வழி விடுவியளா?"

அண்ணன் அவசரமாகத் தலையாட்டுகிறார். அவள் என்னைக் காட்டிக் கேட்கிறாள்: "இவிய யாரு? எடம் பாக்க வந்திருக்காவளா?"

"சேச்சே, நம்ம சித்தப்பா மவன். சீசனுக்குக் குளிக்க வந்திருக்கான்."

குடையை விட்டு விலகிச் சாரலில் நிற்கிறேன்.

"ஆமாம்மா," என்கிறேன் அவளிடம். "குளிச்சிட்டுக் கெளம்பிருவேன்."