மவுஸைத் தொடாத மனிதர்

துறைமுகத்துக்கு எதிரே எங்கள் ஷிப்பிங் ஆபீஸில் மூன்று ஷிப்டுக்கும் ஒரே கம்ப்யூட்டர். ஆளுக்கொரு லாகின் இருந்தும், காலை ஷிப்டு அண்ணாச்சி தன் கண்ணுக்குத் தக்கபடி பில் புரோகிராமில் எழுத்தைப் பெரிதாக்கினால், மதியம் எனக்கும் பெரிதாகவே வரும். நான் சிறிதாக்கினால் மறுநாள் அவர் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

இதைச் சரிசெய்ய சாப்ட்வேர் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல உயரம், நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி, வாயில் கடலை மிட்டாய். கம்ப்யூட்டரைப் பார்த்ததுமே சிரித்தார்.

"கம்ப்யூட்டர் தன் செட்டிங்கை எல்லாம் குறிச்சு வைக்கிற ரெஜிஸ்ட்ரியில எல்லாருக்கும் பொதுவா ஒரு இடம் இருக்கு, ஆளாளுக்குத் தனியாவும் இருக்கு. பழைய வெர்ஷன்ல உங்க எழுத்து சைஸைப் பொது இடத்துல எழுதி வச்சிருக்காங்க. பொறவு சண்டை வராம என்ன செய்யும்?"

கீபோர்டிலேயே தட்டிப் புது வெர்ஷனை இன்ஸ்டால் செய்து முடித்ததும், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

"திறந்து பாக்கலியா சார்?" என்றேன்.

"நான் திறந்தா என் லாகின் கணக்குலதான எழுதிக்கிடும்? நாளைக்கு நானா இங்கன வேலை பாக்கப் போறேன்? அவங்கவங்க லாகின்ல அவங்கவங்களே முதல்ல திறக்கட்டும். அப்பதான் அவங்களுக்கு உள்ளதை அவங்க இடத்துல அது எழுதும்."

அண்ணாச்சி திறந்தார், பிறகு நான் திறந்தேன். இப்போது அவருடைய எழுத்தை வாசலில் நின்றே படிக்கலாம். எனக்கு எறும்பு எழுத்து. ஷிப்டு மாறும்போது சேர்ந்தே டீ குடிக்கிறோம்.

துறைமுகத்து ஆபீஸ்களில் பாதிக்கு அந்தப் புரோகிராமைப் போட்டுக்கொடுத்தது அவர்தானாம். ஒரு தடவையாவது அதைத் திறந்து பார்த்திருப்பாரா என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.