ஜெயித்தது கோல்தான்

கிரேக்கத் தீவொன்றின் எர்மூபொலி துறைமுகத்தில் சரக்குப் பதிவு எழுதும் குமாஸ்தாவான பாந்தெலிஸ் வ்ரெத்தோஸ், கோலூன்றித் தாண்ட வந்ததற்கு விளையாட்டு ஆசை காரணமல்ல. துறைமுக அதிகாரி தமாலாஸ்தான் ஊர் விளையாட்டுக் கழகத்துக்கும் தலைவர். கழகத்தில் சேராத குமாஸ்தாக்களுக்குப் பண்டிகை நாட்களில் தவறாமல் வேலை விழும். ஓடுவதற்கும் குண்டு எறிவதற்கும் ஆட்கள் முந்திக்கொண்டு பெயர் கொடுத்துவிட்டார்கள். கோலைத் தொட மட்டும் யாருமில்லை. முந்தைய வருஷம் தொட்டவனுக்குத் தோள்பட்டை இறங்கியிருந்தது. பாந்தெலிஸ் ஒல்லியாக, உயரமாக இருந்தார். மறுத்துப் பேசவும் தெரியாது. கழகத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆனால் தாண்டத் தொடங்கியபின் அவருக்கு அது பிடித்துப்போயிற்று. அக்கா புருஷன் வேலை செய்த கப்பல் பட்டறையில், சின்னப் படகொன்றின் பாய்மரத்துக்கென்று ஒதுக்கியிருந்த தேவதாரு மரமொன்றைக் கெஞ்சி வாங்கினார். இரண்டு மாதம் இழைத்து, எண்ணெய் தேய்த்து, நுனியில் இரும்புக் கூர் பொருத்தினார்.

"மாப்ள, இதத் தாண்டப் போறியா, இல்ல கட்டிக்கப் போறியா?" என்றார் அக்கா புருஷன்.

இருபத்துநான்காம் வயதில் பாந்தெலிஸுக்கு ஏதென்ஸ் பன்னாட்டுப் போட்டிக்கு அழைப்பு வந்தது. தகுதி பார்த்து வந்த அழைப்பு என்று சொல்ல முடியாது. தீவுகளில் கோல் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். நீராவிக் கப்பலில் கோலை மேல்தளத்துக் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டு ஒரு வாய் காப்பி குடித்துத் திரும்பினால், அதில் ஈரத் துணி தொங்கிக்கொண்டிருந்தது.

"யாரு துணிங்க இது?"

"என்னுதுதான். கம்பு சும்மாத்தானே கெடக்கு" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் தையல் வேலைக்குப் போகிறவள், பெயர் அசிமினா.

"இது போட்டிக் கம்பு. நான் ராஜா முன்னால தாண்டப் போறேன்."

"இன்னிக்கேவா?"

"நாளன்னிக்கு."

"அப்ப காஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு இன்னொரு பாவாடையையும் எடுத்து உதறிப் போட்டாள். இரண்டு வருஷம் கழித்து அவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

பளிங்கு அரங்கத்தில் குறுக்குக் கம்பைத் தாழ்வாக வைத்து ஆரம்பித்தார்கள். உள்ளூர்க்காரர்கள் மூச்சிரைக்கத் தாண்டியபோது வெளிநாட்டுக்காரர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். பாந்தெலிஸ் இரண்டு மீட்டர் எழுபதைத் தாண்டினார். அதுவரை அவர் தாண்டாத உயரம் அது. மணலில் மல்லாந்து கிடந்தபடி கூட்டத்தின் ஆரவாரத்தைக் கேட்டார். எழுந்து பார்த்தபோது ஸ்வீடன்காரன் எக்மன் இரண்டாவது ஆரஞ்சை எடுத்திருந்தான். அடுத்த உயரத்தில் மூன்று முறையும் குறுக்குக் கம்பைத் தட்டிவிட்டு பாந்தெலிஸ் ஓரமாய்ப் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் வெளிநாட்டுக்காரர்கள் கம்பளியைக் கழற்றினார்கள்.

மூன்று மீட்டர் இருபதில் எக்மனின் மூங்கில் கோல் படாரென்று பிளந்தது. முதுகில் விழுந்த அவன் எழுந்து மற்றவர்களின் கோல்களைப் பார்த்தான். போட்டியில் மிச்சமிருந்த அத்தனை பேருக்கும் அந்த நேரத்தில் காலணிக் கயிறு அவிழ்ந்துவிட்டது. குனிந்து கட்ட ஆரம்பித்தார்கள். எக்மன் நேரே பாந்தெலிஸிடம் வந்து கையை நீட்டினான். பாந்தெலிஸ் கோலை மார்போடு அணைத்துக்கொண்டார்.

கழகத் தலைவராகக் கூட வந்திருந்த தமாலாஸ் பின்னாலிருந்து, "குடுறா" என்றார்.

"ஐயா, கூரு புதுசுங்க. பழக்கமில்லாதவன் ஊனுனா ஒடஞ்சிரும்."

"ராஜா பாக்குறாரு. குடுறா."

"ராஜா அந்தப் பக்கம் திரும்பி யார்கிட்டயோ பேசிட்டிருக்காருங்க."

தமாலாஸ் குனிந்து அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். மேலே படிக்கட்டில் இருந்தவர்களுக்கு, தலைவரும் வீரரும் கைகோத்துக்கொண்டு அந்நியனுக்குக் கோலைப் பரிசளிப்பது போலத் தெரிந்திருக்கிறது. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. எக்மன் அந்தக் கோலை ஊன்றி மூன்று மீட்டர் நாற்பது தாண்டி முதலாவதாக வந்தான். திருப்பிக் கொடுக்கும்போது பாந்தெலிஸின் கையைப் பிடித்து நெடுநேரம் ஏதோ சொன்னான். பாந்தெலிஸ் கூரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது லேசாக வளைந்திருந்தது.

மறுநாள் பத்திரிகைகள், கிரேக்கக் கோல் வென்றது என்று எழுதின. எர்மூபொலி கரையில் பாண்டு வாத்தியம் வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு லுகூமி மிட்டாய் கொடுத்தார்கள். கோலை வாத்தியக்காரர்களுக்குப் பின்னால் நான்கு பேர் தூக்கிப்போக, பாந்தெலிஸ் தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார். நகரமன்றச் சுவரில் கோலை மாட்டி, கீழே பித்தளைத் தகடு பதித்தார்கள். அதில் எக்மனின் பெயரும், தாண்டிய உயரமும், கோலை அளித்தவர் என்று தமாலாஸின் பெயரும் இருந்தன. தகட்டில் அதற்கு மேல் இடமில்லை.

ஒரு மாதம் கழித்து பாந்தெலிஸ் தமாலாஸைப் போய்ப் பார்த்தார்.

"ஐயா, பழகணும். கம்ப எடுத்துக்கலாங்களா?"

"ஏன்டா, அது மூணு நாப்பது தாண்டுன கம்பு. அத வெச்சு நீ ரெண்டு எழுபது தாண்டுனா ஊரு சிரிக்காது?"

வேறு கோல் வாங்கித் தரக் கழகத்துக்குத் தோன்றவில்லை. அக்கா புருஷனும் இரண்டாவது மரத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பாந்தெலிஸ் அதற்கப்புறம் தாண்டவேயில்லை.

அவர் தலைமைக் குமாஸ்தா ஆனார். இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தார். வசந்தம் வந்தால் வாத்தியார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வருவார். தியாகம் என்றால் என்ன என்று கேட்டு இவரைக் காட்டுவார். ஒரு சிறுமி மட்டும் ஒருமுறை, "தாத்தா, நீங்களும் தாண்டுனீங்களா?" என்று கேட்டாள். தாண்டினேன் என்றார். வாத்தியாரே வியந்துபோனார். அவருக்கு அது தெரியாது.

அந்தப் போட்டியின் முப்பதாம் ஆண்டு நிறைவுக்கு ஏதென்ஸிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். தமாலாஸ் செத்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. பாந்தெலிஸ் துணிந்து எல்லாவற்றையும் சொன்னார். தான் மனசறிந்து கொடுக்கவில்லை, விரலைப் பிரித்து எடுத்தார்கள், இன்றைக்குக் கேட்டாலும் கொடுக்க மாட்டேன் என்றார். பத்திரிகைக்காரர் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் அசிமினா பத்திரிகையைப் படித்துக் காட்டினாள். "'தன் பெருந்தன்மையைக்கூடத் தன்னுடையதென்று ஒப்புக்கொள்ளாத பெருந்தன்மை' அப்படின்னு போட்டிருக்குங்க."

"நான் அப்படிச் சொல்லலியே."

"சொல்லலேன்னுதான் போட்டிருக்கு."

பாந்தெலிஸ் அந்த வருஷம் பிள்ளைகள் வந்தபோது நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு கதையைத் தானே சொன்னார். எக்மன் கேட்பதற்கு முன்பே கோலை நீட்டிவிட்டதாகவும், வாங்கும்போது அவன் அழுதுவிட்டதாகவும் சொன்னார். சாப்பாட்டுப் பாத்திரம் கொண்டுவந்த அசிமினா வாசலில் நின்று முழுவதையும் கேட்டாள். பிள்ளைகள் போனதும் கேட்டாள்:

"அழுதானா?"

"அழுதிருப்பான்" என்றார் பாந்தெலிஸ். "நல்ல கம்பு அது."