அக்கா சொன்ன தூரம்

நான் படித்தது இயற்பியல். ஆராய்ச்சி செய்தது ரோபோவில். கடைசியில் வந்து நின்றது மினிபஸ்ஸில். இதை எங்கள் வீட்டில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. சென்னையிலிருந்து லீவுக்குப் போகும்போதெல்லாம் அக்கா வாசலுக்கு வந்து என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பாள்.

“ரோபோ எங்கடி? இந்தத் தடவையும் கூட்டிட்டு வரலியா?”

கம்ப்யூட்டர் திரையில் நகரும் ஒரு புள்ளிதான் என் ரோபோ என்று சொன்னால் அவளுக்குச் சிரிப்பு அடங்காது. “ஒத்தப் புள்ளிய நகத்துறதுக்கா இத்தன வருசமாப் படிக்கிற?” என்பாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. அந்தப் புள்ளி எதிலும் மோதாமல் போய்ச்சேர வழி கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அதற்கு இயற்பியலில் படித்ததையே எடுத்துக்கொண்டேன். போக வேண்டிய இடம் புள்ளியை இழுக்கும், வழியில் உள்ள தடைகள் அதைத் தள்ளும். இழுப்பும் தள்ளலும் சேர்ந்து பாதையை வளைக்கும். பள்ளிக்கூடத்தில் காந்தத்தை வைத்து இரும்புத் தூளை நகர்த்தி விளையாடியவர்களுக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் எங்கள் கல்வி நிறுவனத்துப் பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். அரசின் திட்டங்கள் ஏழைகளிடம் எப்படிப் போய்ச்சேருகின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி. பழனி மலைக் கிராமங்களுக்கு மினிபஸ் விடப் போகிறார்கள், எந்த வழியாக விடலாம் என்று நம்மைக் கேட்டிருக்கிறார்கள், உங்கள் புள்ளியைப் பஸ்ஸாக்க முடியுமா என்றார். முடியும் என்றேன். ஒவ்வோர் ஊரின் தேவையையும் ஓர் இழுவிசையாக வைத்தால் போதும். தேவை கூடின ஊரின் பக்கம் பாதை தானாக வளையும். எனக்கு ஒரே உற்சாகம். கூடவே, எங்கள் வீடும் அந்த மலையில்தான் இருக்கிறது என்பதையும் அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

“சொன்னது நல்லதாப் போச்சு. அப்படின்னா கணக்கெடுப்புக்கு நீங்க போகக் கூடாது. வர்ற எண்களையும் தொடக் கூடாது” என்றார்.

அது சரியான விதி. ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்ததை மறைப்பானேன்? எங்கள் குடியிருப்புக்குப் பெருமாள்மலையிலிருந்து காட்டுப்பாதையில் ஏற வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நாங்கள். இங்கே காபித் தோட்டக் கூலி. அக்கா மகள் கொடைக்கானலில் படித்துக்கொண்டிருந்தாள். விடிவதற்கு முன் இறங்கி, பெருமாள்மலையில் பஸ் பிடித்து, திரும்பி ஏறும்போது இருட்டிவிடும். அந்த மழைக்காலத்தில் ஒருநாள் காட்டுமாடு ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. பிள்ளை மரத்தோடு மரமாக ஒட்டி நின்று, அது போன பிறகு வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். மறுநாள் அக்கா தீர்த்துச் சொல்லிவிட்டாள். பத்தாவதோடு போதும், அதற்கு மேல் பஸ் வந்தால் பார்க்கலாம். பிள்ளைக்கு நர்ஸ் ஆக ஆசை. எனக்குப் போன் போட்டு அழுதாள்.

பொருளாதாரத் துறை மாணவர்கள் மலைக்குப் போய் வீடு வீடாகக் கேட்டு வந்தார்கள். வரைபடத்தை நம்பாதே, மக்களைக் கேள் என்பது பேராசிரியரின் கொள்கை. வரைபடத்தில் பக்கமாகத் தெரிகிற ஊருக்கு நடுவே ஓடை இருக்கும், ஏற்றம் இருக்கும். நடக்கிறவர்களுக்குத்தான் தெரியும். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பதில்களைக் கம்ப்யூட்டர் நிரலில் ஏற்றி ஓட்டினேன். பஸ் பெருமாள்மலையில் கிளம்பியது, எல்லா ஊர்ப் பக்கமும் வளைந்து நெளிந்தது, எங்கள் குடியிருப்பு இருக்கும் இடத்தை மட்டும் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகப் போனது.

எங்கோ தப்பாக எழுதிவிட்டேன் என்று நினைத்தேன். திரும்பத் திரும்ப ஓட்டினேன். நிரலில் ஒரு பிழையும் இல்லை. எங்கள் குடியிருப்பின் இழுவிசைதான் ஏறக்குறைய சுழியம். எங்களைப் போலவே இலங்கையிலிருந்து வந்தவர்கள் இருக்கும் மற்றக் குடியிருப்புகளும் அப்படித்தான். பஸ்ஸுக்கு நடப்பது சிரமமா என்ற கேள்விக்கு அத்தனை வீட்டிலும் ஒரே பதில்: சிரமம் இல்லை.

அந்த வாரமே ஊருக்குப் போனேன். போன வேகத்தில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

“பக்கந்தான், ஒரு செரமமும் இல்லன்னு சொன்னியா?”

“ஆமா, சொன்னேன். பேண்ட் போட்ட பிள்ளைக காயிதத்தோட வந்து நிக்கிதுக. வேற என்ன சொல்லச் சொல்ற?”

“உள்ளதச் சொல்ல வேண்டியதுதான? உன் மக படிப்பு பாழாப் போயிரும்னு தெரியாதா உனக்கு?”

நான் கத்தினேன். பக்கத்து வீடுகளில் கதவு திறந்தது. அக்கா பதிலுக்குக் கத்தவில்லை. அடுப்பில் இருந்ததை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள்.

“நீ அப்பப் பால்குடிப் பிள்ள, உனக்குத் தெரியாது. அங்க தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்கு இப்படித்தான் காயிதத்தோட வந்தாக. எப்படி இருக்கீகன்னு கேட்டாக. அப்பா, ரொம்பக் கஷ்டமாக் கெடக்குங்கன்னு வாயவிட்டுட்டாரு. நான் கதவோரமா நின்னு கேட்டேன். பேர எழுதிக்கிட்டாக. அப்புறம் கப்பலேத்திட்டாக.”

அது அப்படி நடந்திருக்க முடியாது. இந்தியா, இலங்கை என்று இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்ட விஷயம் அது. அப்பா சொர்க்கமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தாலும் கப்பல் ஏற்றியிருப்பார்கள். இதை அக்காவிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள், நம்பவில்லை. அன்றைக்கு விசாரித்ததில் ஒவ்வொரு வீட்டிலும் இதே மாதிரி ஒரு கதை இருந்தது. காகிதத்தோடு வருகிறவனிடம் குறை சொல்லக் கூடாது என்று யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. கோபம் இறங்கி வெட்கமாக இருந்தது.

பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். எண்களை மாற்ற முடியாது, ஆனால் மறுபடி போய்க் கேட்கலாம் என்றார். மதுரையிலிருந்து வேறொரு மாணவரை அனுப்பினார். அவர் வந்த அன்று நான் ஊரில் இருந்தேன். வாய் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. அடுப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

பஸ் வந்ததா என்று கேட்பீர்கள். அடுத்த கல்வியாண்டு தொடங்கும்போது வந்தது. குடியிருப்பு வரை ஏறவில்லை, பாதி வழியில் நின்று திரும்பியது. காட்டைத் தாண்டி நின்றதால் அதுவே போதுமாக இருந்தது. அக்கா மகள் இப்போது நர்ஸாக இருக்கிறாள்.

அன்றைக்கு, மதுரையிலிருந்து வந்த அந்த மாணவர் கேட்டார். “பஸ்ஸுக்கு நடக்கிறது சிரமமா இருக்குங்களாம்மா?”

பழைய பதில்தான் வரப்போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“தூரந்தாங்க” என்றாள் அக்கா. “ரொம்பத் தூரம். எம்பிள்ள இருட்டுல தனியா வருதுங்க. காட்டுமாடு நிக்கிது. மழையில ஓடையத் தாண்ட முடியல. பிரசவத்துக்குத் தூக்கிட்டுப் போனா பாதி வழியிலயே பிள்ள பெறந்துருது.” தொடங்கியவள் நிறுத்தவில்லை. மாணவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது அவர், “உங்க பேரும்மா?” என்றார்.

“பேரு எழுதணுங்களா?”

“ஆமாங்க.”

அக்கா பெயரைச் சொன்னாள். அவர் போன பிறகு அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எல்லாத்தையும் சொல்லிட்டேன். பேரையும் குடுத்துட்டேன். இனி எங்கள எங்கயும் அனுப்ப மாட்டாகல்ல?”

எனக்கு அழுகை வந்தது. மாட்டார்கள் என்றேன். அவள் மறுபடியும் கேட்டாள்.