காயாத ஒட்டு

சேலத்தில் ஃபைபர் தண்ணீர்த் தொட்டிகளுக்கு ஒட்டுப் போடுவதுதான் என் தொழில். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மலைமேல் கரடியூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் முதலாளி தன் குளத்தில் விடப் பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார். பள்ளிக்கூட லீவு என்று மகளையும் கூட்டிப்போனேன்.

படகைக் கவிழ்த்து, ரூபாய்க் காசால் அங்குலம் அங்குலமாகத் தட்டினேன். அடியில் ஓரிடத்தில் மட்டும் மொத்தென்று கேட்டது. உள்ளே ஈரம் இறங்கி அடுக்கு பிரிந்திருந்தது. அதை அறுத்தெடுத்து, ஃபைபர் மேட் துணியை விரித்து, ரெசின் பசை பூசினேன். ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னரைக் குளிருக்குத் தக்கபடி கூட்டாமல் சேலத்து அளவிலேயே ஊற்றியதுதான் நான் செய்த மடத்தனம். சேலத்து வெயிலில் ஒரு டீ குடித்து வருவதற்குள் கல்லாகிவிடும். அந்தப் பாழாய்ப்போன பனியில் மறுநாளும் விரலில் பிசுபிசுத்தது.

பேரப்பிள்ளைகள் ஊருக்குக் கிளம்புவதற்குள் படகு ஓடணும் என்று முதலாளி அவசரப்படுத்தினார். சொல்ல வெட்கப்பட்டு மேலே பெயின்ட் அடித்துவிட்டேன்.

படகைக் குளத்தில் இறக்கினார்கள். “நல்லா ஒட்டிருச்சுங்களா?” என்றார் முதலாளி.

“நொம்ப நல்லா ஒட்டிருச்சுங்க.”

 

“நீயும் ஏறிக்க கண்ணு” என்று என் மகளைக் கூப்பிட்டார். அவள் செருப்பைக் கழற்றினாள்.

“வேண்டாங்க, ஒட்டு இன்னும் காயலைங்க!” என்று கத்திவிட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. முன்பே படகில் ஏறி உட்கார்ந்திருந்த தன் பேரப்பிள்ளைகள் இருவரையும் பார்த்தார்.