முனிரத்தினம் கேட்ட தனி வழி

செவ்வாய்க்கிழமை காலை முனிரத்தினத்தின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். “அங்கிள், அப்பா போயிட்டாங்க” என்றாள். அந்த நேரத்தில் அதற்கு மேல் அவளுக்குத் தமிழ் வரவில்லை. எந்த மருத்துவமனை, எங்கே வர வேண்டும் என்பதையெல்லாம் மராத்தியில் சொன்னாள். நான் “சரிம்மா, சரிம்மா” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். சில வாரங்களாகவே எதிர்பார்த்த செய்திதான். எதிர்பார்த்திருந்ததால் எதுவும் எளிதாகிவிடவில்லை.

அவரைப் பற்றி எழுதச் சரியான ஆள் நானா என்று தெரியவில்லை. கட்கியில் அவரோடு வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அவரை முழுதாகத் தெரியும். எனக்கு அதிகம் தெரிந்தது அவருடைய முதுகுதான். ரஞ்சன்காவில் ஒரே ஆலையில் வேலை பார்த்தோம். அவர் இயந்திரப் பிரிவில் ஃபோர்மேன், நான் தரப் பரிசோதனையில். இருவருக்கும் வீடு ஹடப்சர். வண்டி ஓட்டும் துணிச்சல் எனக்கு எந்த வயதிலும் வந்ததில்லை. ஓய்வு பெறும் வரை அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துதான் போய் வந்தேன்.

பின்னால் உட்காருபவருக்கும் வேலை உண்டு என்பது அவருடைய சட்டம். “கண்ணாடி லாரியத்தான் சார் காட்டும். லாரிக்காரன் மூஞ்சியக் காட்டாது. அத நீங்க பாருங்க” என்பார். ஹெல்மெட்டுக்குள் பேச்சு கேட்காது என்பதால் தோளில் தட்டிச் சொல்ல வேண்டும். வலது தோளில் தட்டினால் பெரிய வண்டி வருகிறது என்று அர்த்தம். இடது தோளில் தட்டினால் ஓரம் ஒதுங்கலாம். எனக்கோ பின்னால் வருவதெல்லாம் பெரிய வண்டிதான். முதல் நாள், வழியில் வாகோலி ஊரைத் தாண்டுவதற்குள் அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பினார். “இன்னா சார், தபலா வாசிக்கிறீங்க? தோள் இன்னாத்துக்கு ஆவும்?” பிறகு நான் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். அதிகமாகவே தட்டினேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் ஆலைத் தொழிலாளி ஒருவர், மோட்டார் சைக்கிளில் போகும்போது பேருந்துக்கும் டிரக்குக்கும் நடுவில் சிக்கி அந்தச் சாலையிலேயே இறந்தார். இறந்தவர் வீட்டுக்குப் போய் வந்த அன்று முனிரத்தினம் டீக்கடையில் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். “அவங்களுக்கு நாம தூசி சார். தூசிக்கு ஒரு ஓரம் ஒதுக்கிக் குடுங்கன்னுதான் கேக்கணும்” என்றார். நெடுஞ்சாலையில் இரு சக்கர வண்டிகளுக்குத் தனி வழி வேண்டும் என்பது அன்றிலிருந்து அவருடைய பேச்சானது. உணவு இடைவேளையில் பேசினார். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து பேசினார். அவரை அறிந்தவர்களில் அதைக் கேட்காதவர் இருக்க முடியாது.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. தனி வழி இடது ஓரத்தில்தான் வரும். எங்கள் ஆலைக்கோ வலது பக்கம் திரும்ப வேண்டும். இரு சக்கர வண்டிகள் இனி நடுவில் வராது என்று நம்பி, கார்க்காரர்கள் இன்னும் வேகமாகப் போவார்கள். அவர்கள் எங்களைத் தேடிப் பார்ப்பதையே நிறுத்திய பிறகு, அத்தனை வண்டிகளையும் குறுக்கே தாண்டி எப்படித் திரும்புவது? பல நாள் தயங்கிவிட்டு இதை அவரிடம் சொன்னேன். ஆலை வாசலில் இறங்கும்போதுதான் சொன்னார்: “நல்லா மாட்டிவுட்டீங்க சார்.”

சாலையை அகலப்படுத்தப் போவதாகச் சொல்லி, வாகோலியில் கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்று நடந்தது. முனிரத்தினம் மராத்தியில் பேசினார். இறந்தவரின் பெயரைச் சொன்னபோது அவர் குரல் இறங்கியது. முடித்ததும் கை தட்டினார்கள். அவர் உட்காரவில்லை. என்னைக் கை காட்டி, “எங்க சாருக்கு ஒரு சந்தேகம் இருக்கு, அதையும் கேளுங்க” என்று அதிகாரியிடம் சொன்னார்.

நான் எழுந்து நின்றேன். எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சந்தேகத்தைச் சொன்னேன். பின்வரிசையில் யாரோ, “ரெண்டு பேரும் ஒரே வண்டியிலதான் வந்தாங்க!” என்று மராத்தியில் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். “முதலில் நீங்கள் இருவரும் பேசி முடித்துக்கொண்டு வாருங்கள்” என்று சொல்லிவிட்டு, அடுத்து குடிநீர்க் குழாயைப் பற்றிப் பேச வந்தவரை அழைத்தார். தனி வழியைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

அன்று வீட்டருகே என்னை இறக்கிவிட்டதும் அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். மறுநாள் காலை வழக்கமான தெருமுனையில் போய் நின்றேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். நிறுத்தத்தில் வந்த பேருந்தில் ஏறிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் வண்டி வந்து நின்றது.

“ஏறுங்க. உங்களால எனக்குத் தூக்கம் போச்சு.”

“நேத்து நான் பேசாம இருந்திருக்கலாம், முனிரத்தினம்.”

“அரே, நான்தான சார் எழுப்பிவுட்டேன்? கூட்டத்துல கேக்காத கேள்விய அப்புறம் ரோட்லதான கேக்கணும்? அங்க லாரிக்காரனா வந்து பதில் சொல்வான்?” என்றார். வண்டியைக் கிளப்பாமலே கையால் காற்றில் வரைந்து காட்டினார். “திரும்புற எடத்துல மட்டும் நம்மள ரோட்டுக்கு அடியில வுட்டுரணும். சின்னதா ஒரு சுரங்கம். மொதல்ல அத கட்டணும். அப்புறம் ஓரத்துல கோடு போட்டா போதும். இப்ப சொல்லுங்க, இதுல இன்னா தப்பு?”

மழைத் தண்ணீர் தேங்கும் என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

சாலை பிறகு அகலமானது. தனி வழியும் வரவில்லை, சுரங்கமும் வரவில்லை. இப்போது கராடியில் வேலை பார்க்கும் நம் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் அதே கோரிக்கையை எடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டத்தில் அவர் படத்தைப் போட்டு, ‘தனி வழிக்காகப் போராடியவர்’ என்று எழுதி, எல்லோரிடமும் ஆதரவு கேட்கப் போகிறார்கள். அவர் மகள் என்னிடம், “அப்பாக்கு இது பிடிக்கும்ல அங்கிள்?” என்று கேட்டாள். பிடிக்கும் என்றேன். அது உண்மைதான்.

ஆனால் அவர் கேட்டதில் பாதிதான் அது. திரும்பும் இடத்துக்கு வழி சொல்லாத தனி வழியை அவர் கடைசியில் கேட்கவில்லை. இது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். இப்போது எனக்கு மட்டும். அவர் பெயரில் ஒரு வழி வந்து, அதிலிருந்து வலப்பக்கம் திரும்பும் ஒருவர் அடிபட்டால், அதை அவர் பெயர்தான் சுமக்க வேண்டியிருக்கும்.

என்னிடம் அவர் விட்டுப்போனது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். என் சந்தேகம் கேட்கத் தகுந்தது என்று நினைத்த ஒரு மனிதரோடு இத்தனை வருடம் போய் வந்தேன், அதுதான். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கை தட்டி முடித்ததும் நான் எழுந்து நிற்கப் போகிறேன். இந்த முறை யாரும் என்னைக் கை காட்ட மாட்டார்கள்.