முகம் விழாத படம்

பளிச்சு என்று கூப்பிட்டால்தான் அவன் திரும்புவான். சொந்தப் பெயரைச் சொன்னால் ஏதோ கோர்ட்டு நோட்டீஸ் என்று நினைத்து நடையைக் கூட்டுவான். இருபத்திரண்டு வருஷமாகக் கேமராவும் கையுமாக அலைகிறவன். கேமராவின் தலையில் கொண்டை போட்ட மாதிரி உட்கார்ந்திருக்குமே ஃபிளாஷ், அதைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவான், கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவான். அதில் அவனுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று ஊரும் நம்பியது, அவனும் நம்பினான்.

அப்பேர்ப்பட்டவனுடைய அக்கா வீட்டுச் சுவரில் ஓர் ஆணி ஒரு வருஷமாகச் சும்மா நின்றது. அக்கா புருஷன் போய்ச் சேர்ந்த வாரத்தில் அடித்த ஆணி. மாட்டத்தான் படம் இல்லை. இருப்பது கல்யாணத்தில் எவனோ எடுத்தது. அதில் மாமா சீவிய பென்சில் மாதிரி இருப்பார். பெற்ற மகளே யார் இது என்று கேட்பாள். மச்சான் பளிச்சு எடுத்த படமும் ஒன்று உண்டு. அதுதான் வினை.

மாமாவுக்கு ஒரு குழாய்த் தொழிற்சாலையில் வேலை, லோடிங் ஷெட்டில். வருஷத்துக்கு ஒரு தடவை பாதுகாப்பு நாள் என்று வைத்து, முப்பத்தெட்டு பேரையும் மூன்று வரிசையாக நிறுத்திக் குரூப் போட்டோ எடுப்பார்கள். மாமா சொல்லித்தான் அந்த வேலை பளிச்சுக்கு வந்தது. ஷெட்டுக்குள் பகலிலேயே அரை இருட்டு. எல்லோருக்கும் மஞ்சள் ஹெல்மெட், ஆரஞ்சு ஜாக்கெட். ஜாக்கெட்டில் நெஞ்சுக்குக் குறுக்கே இரண்டு வெள்ளிப் பட்டை. இருட்டில் லாரி விளக்கு பட்டால் மின்னுமே, அது.

பளிச்சு அமுக்கினான். ஃபிளாஷ் அடித்தது. திரையைப் பார்த்தால் பட்டைகள் மட்டும் தகதகவென்று எரிகின்றன, முகம் இருக்க வேண்டிய இடத்தில் கரி. பேட்டரியை மாற்றினான். ஃபிளாஷின் அடியில் இருக்கும் பித்தளைப் புள்ளிகளை ரப்பரால் தேய்த்தான். கழற்றி மாட்டினான். முப்பது படம் எடுத்தான், முப்பதும் கரி. அதற்குள் ஷிஃப்ட் மணி அடித்துவிட்டது. வந்தது போதும், பிரிண்ட் போட்டுக் கொடுங்கள் என்றுவிட்டார் சேஃப்டி ஆபீசர்.

மாமா உயரக்காரர், கடைசி வரிசையில் ஓரமாக நின்றார். ஹெல்மெட்டைப் புருவம் வரை இழுத்துவிடுகிற பழக்கம் வேறு. மற்றவர்களுக்காவது மூக்கு, கன்னம் என்று ஏதோ கொஞ்சம் தெரிந்தது. அவருக்கு ஒன்றுமே விழவில்லை. ஆளில்லாத ஜாக்கெட் ஒன்று தானாக எழுந்து நிற்கிற மாதிரி இருந்தது.

ஆளுக்கொரு பிரதி கொடுத்தார்கள். மாமா அதை வீட்டுக்குக் கொண்டுபோய், "உன் தம்பி லட்சணத்தைப் பாரு. இதுல நான் எங்கேன்னு கண்டுபிடிச்சா இன்னைக்குப் பாத்திரம் நான் கழுவறேன்" என்று அக்காவிடம் நீட்டினாராம். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாளாம்.

ஒன்பதாம் நாள், ஷெட் வாசலில் ரிவர்ஸ் எடுத்த லாரி அவரை அடித்துப் போட்டது.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியதும் பளிச்சு செய்த முதல் காரியம், அந்த முப்பது படத்தையும் கார்டிலிருந்து அழித்தது. துக்கம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். பிறகு ஃபிளாஷைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர்காரரிடம் போனான். அவர் சுவரை அடித்துப் பார்த்தார், காலண்டரை அடித்துப் பார்த்தார், கடைசியில் தன் வழுக்கைத் தலையைக் காட்டி அவனையே அடிக்கச் சொன்னார். எல்லாம் பழுதில்லாமல் வந்தது.

"குதிரை மாதிரி ஓடுதுய்யா. இதுல என்னத்தைப் பிரிக்கச் சொல்ற?"

"அன்னைக்கு ஓடலையே அண்ணே."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். போவியா!"

அவன் கேட்கவில்லை. அந்த ஃபிளாஷை ஓரங்கட்டிவிட்டு வேறொன்று வாங்கினான். அக்காவிடமும் போய், "ஃபிளாஷ் பழுதுக்கா" என்றான். அக்கா வீட்டிலேயே தலையணை உறை தைக்கிறவள். மிஷினை விட்டுத் தலை நிமிராமல் "ம்" என்றாள். அந்த ஒரு "ம்"மை அவன் வருஷம் முழுக்கச் சுமந்தான். இவள் மன்னிக்க மாட்டாள் என்று தானே தீர்ப்பெழுதிக்கொண்டான். வாரம் இரண்டு தடவை போகிற வீட்டுக்கு மாதம் ஒரு தடவை போனான். போனாலும் ஆணிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சுடச்சுட டீயை விழுங்கிவிட்டுக் கிளம்பிவிடுவான்.

இந்த வருஷமும் ஆபீசர் போன் செய்தார். "வியாழக்கிழமை பாதுகாப்பு நாள். போன தடவை மாதிரி பேய்ப் படம் எடுத்துடாதீங்க." வரவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். சூடு கண்ட பூனை திரும்ப அடுப்பங்கரைக்குப் போகுமா? ஆனால் மாமா வாங்கிக் கொடுத்த வேலை அது. "சரி சார்" என்றுதான் வாயில் வந்தது.

பழையது, புதியது என்று இரண்டு ஃபிளாஷையும் எடுத்துக்கொண்டு போனான். ஷெட்டில் அதே பெஞ்சு, அதே மூன்று வரிசை. மாமா நின்ற ஓரத்தில் யாரோ புது ஆள். அந்தப் பக்கம் பார்க்காமலே அமுக்கினான்.

கரி.

"என்ன பளிச்சு, இந்த வருஷமும் பேயா?" என்றார் முன்வரிசைக்காரர் ஒருவர்.

"நம்ம மூஞ்சி அப்படிய்யா. கேமராவே கண்ணை மூடிக்குது."

"சீக்கிரம்ப்பா. அங்க டீ ஆறுது."

பேட்டரியை மாற்றினான். புள்ளிகளைத் தேய்த்தான். புதியதைக் கழற்றிப் பழையதை மாட்டினான். சுவரைப் பார்த்து அடித்தால் சுவர் வெள்ளையாக வருகிறது. ஆட்களைப் பார்த்து அடித்தால் கரி. சுவருக்கு அடிக்கிற சனியன் மனுஷனுக்கு ஏன் அடிக்க மாட்டேன் என்கிறது?

வரிசையில் கேலி நின்றுவிட்டது. கேலியாவது பரவாயில்லை என்று தோன்றியது. யாரோ தணிந்த குரலில், "போன வருஷமும் இப்படித்தான் ஆச்சு. அதுக்கப்புறம்தான் அவரு..." என்று ஆரம்பிக்க, பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்தார். ஓரத்தில் நின்ற புது ஆள் மெதுவாக நகர்ந்து நடுவில் போய்ச் சொருகிக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் க்ரேன்காரர் மேலேயிருந்து ஏணியில் இறங்கி வந்தார். மாமாவுக்குக் கூட்டாளி. ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள்.

"ஜாக்கெட் எங்கே?" என்றார் ஆபீசர்.

"கொக்கியில மாட்டிக் கிழிஞ்சிடுச்சு சார்."

"பட்டை இல்லாம வரிசையில நிக்கக் கூடாது. ஸ்டோர்ல ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

"போட்டோவுக்குக்கூடவா சார்? இங்க என்ன லாரியா வருது?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார். பேச்சை மாற்றுவதற்காகப் பளிச்சு கேமராவை அவர் பக்கம் திருப்பிச் சும்மா ஒன்று அமுக்கினான்.

திரையில் க்ரேன்காரர் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி வந்திருந்தார், மூக்கு ஓரத்து மச்சம் வரைக்கும்.

ஸ்டோருக்குப் போய் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்தவரை, "அண்ணே, அதே இடத்துல நில்லுங்க" என்று நிறுத்தி மறுபடி அமுக்கினான்.

கரி.

ஒரே ஆள், ஒரே இடம், ஒரே ஃபிளாஷ். நடுவில் வந்தது ஜாக்கெட் ஒன்றுதான். பளிச்சு இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தான். காது இரண்டும் சூடாகிவிட்டது.

விஷயம் இவ்வளவுதான். ஆட்டோவில் வைத்த ஃபிளாஷ் முதலில் ஒரு துளி வெளிச்சத்தை விட்டுப் பார்க்கும். எதிரே இருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளந்துகொண்டு, அதற்குத் தகுந்தபடி மீதியை விடும். இந்தப் பட்டை இருக்கிறதே, அது வாங்கிய வெளிச்சத்தை வந்த வழியே அப்படியே திருப்பி அனுப்புகிற சாமான். அதற்காகத்தான் அதைத் தைத்திருக்கிறார்கள். முப்பத்தெட்டு நெஞ்சிலிருந்தும் வெளிச்சம் திரும்பி வந்து மோத, எதிரே பட்டப்பகல், இங்கே எனக்கு என்ன வேலை என்று ஃபிளாஷ் கையைக் கட்டிக்கொள்கிறது. முகத்துக்குப் போக வேண்டியது போகவே இல்லை.

ஃபிளாஷின் முதுகில் ஒரு பொத்தான் உண்டு. ஆட்டோவை விட்டுவிட்டு, இவ்வளவு வெளிச்சம் அடி என்று நாமே சொல்லிவிடுகிற பொத்தான். பளிச்சு அறியாததில்லை, அதைத் தொடுகிற அளவுக்கு வேலை வந்ததில்லை, அவ்வளவுதான். பாதி பலம் என்று வைத்தான். "எல்லாரும் ஹெல்மெட்டைக் கொஞ்சம் மேல ஏத்துங்க" என்றான். அமுக்கினான். பட்டைகள் இன்னும் அதிகமாக எரிந்தன, எரியட்டும். அவற்றுக்கு மேலே முப்பத்தெட்டு முகம்.

எட்டிப் பார்த்த முன்வரிசைக்காரர், "அடடே, நான் இவ்வளவு அழகா!" என்றார். ஷெட் முழுக்கச் சிரித்தது. பளிச்சு சிரிக்கவில்லை. ஒரு பொத்தான், போன வருஷம் இதே இடத்தில் அமுக்கியிருக்க வேண்டியது.

கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு ஆபீசரிடம் போனான். "சார், போன வருஷம் எடுத்த படத்தோட ஒரிஜினல்..."

"அன்னைக்கே உங்க கார்டைக் கம்ப்யூட்டர்ல போட்டு எடுத்துக்கிட்டோமே. கிடக்கும்." தேடி, பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார்.

அவன் நேரே அக்கா வீட்டுக்குப் போனான். வெயில் இன்னும் இறங்கவில்லை. அக்கா மிஷினில் இருந்தாள்.

"என்னடா, மாசம் இன்னும் முடியலையே. வழி தப்பி வந்துட்டியா?"

அவன் உட்காரவில்லை. "அக்கா, ஃபிளாஷ்ல பழுது இல்ல. பழுது என்கிட்ட. நான் உன்கிட்ட தப்பாச் சொல்லிட்டேன்." ஜாக்கெட், பட்டை, பொத்தான் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தான். திட்டுவாள், திட்டட்டும் என்றுதான் நின்றான்.

அக்கா மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். "அப்போ, பட்டை போட்டா யார் முகமும் விழாதா?"

"யாருக்கும் விழாது."

"அவருக்கு மட்டும்னு இல்லையா?"

"அவர் பின்னால நின்னாரு, ஹெல்மெட் நிழல் வேற. அதான் ரொம்பக் கறுப்பு. ஏன்க்கா?"

அவள் தையலில் கிடந்த நூலை இழுத்து இழுத்து அறுத்தாள். "எதிர்வீட்டு அம்மா சொன்னாங்கடா. போகப்போற ஆளுக்குப் படத்துல முகம் விழாதாம். முன்னாடியே காட்டிக் கொடுத்துடுச்சு, நீதான் பார்க்கலன்னாங்க. நான் பார்த்தேனே. ஒன்பது நாள் முன்னாடி கையில வெச்சுப் பார்த்தேன். பார்த்துட்டுச் சிரிச்சேன். லாரி அடிச்ச அன்னைக்குக் காலையில அவரு முதுகு வலிக்குது, லீவு போடட்டுமான்னு கேட்டாரு. போங்க, சும்மா சாக்கு சொல்லாதீங்கன்னு நான்தான் அனுப்பினேன்."

அந்த "ம்" தன்மேல் உள்ள கோபம் என்று அவன் ஒரு வருஷம் ஒளிந்து திரிந்திருக்கிறான். இவளோ ஒரு வருஷமாக இதை வைத்துக்கொண்டு உறை தைத்திருக்கிறாள்.

கேமராவை எடுத்து அன்றைய கரிப் படங்களைக் காட்டினான். "இதைப் பாரு. இன்னைக்கு எடுத்தது. இது முன்வரிசைக்காரர், முகம் இல்ல. இது ஸ்டோர்காரர், முகம் இல்ல."

"இவரு நல்லா இருக்காரா?"

"எல்லாரும் கல்லு மாதிரி இருக்காங்க."

"இது யாரு?"

"க்ரேன்காரர்."

அக்கா அந்தக் கறுப்பையே பார்த்தாள். "அவருக்குப் போன் போடு" என்றாள். போட்டான், ஸ்பீக்கரில்.

"என்ன பளிச்சு," என்று வாயில் எதையோ மென்றுகொண்டே வந்தது குரல், "என் மூஞ்சியை அழகுபடுத்தணும்னு யாராவது சொன்னாங்களா?"

"சும்மாதான் அண்ணே."

"சும்மா போன் பண்ற மூஞ்சியைப் பாரு. வைடா, பஸ் வந்துடுச்சு."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

அவன் லேப்டாப்பைத் திறந்து பென்டிரைவைச் சொருகினான். கடைசி வரிசை ஓரத்தைப் பெரிதாக்கி, வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான். கறுப்பு பழுப்பானது, பழுப்பில் மணல் கொட்டியது மாதிரி புள்ளிபுள்ளியாக வந்தது. அந்த மணலுக்குள் ஒரு தாடை. மேலே மீசை. வாய் ஒரு பக்கமாக ஏறியிருந்தது.

"கண்ணு?" என்றாள் அக்கா.

"வராதுக்கா. அங்க வெளிச்சமே போகல. இல்லாததை ஏத்த முடியாது."

அவள் திரையில் அந்த வாயை விரலால் தொட்டாள். "ஒரு பக்கச் சிரிப்பு. உன்னைத்தான் ஏதோ கிண்டல் பண்ணிட்டு நின்னிருக்காரு."

"என்ன சொன்னாருன்னு ஞாபகம் இல்லக்கா. பேட்டரி மாத்திட்டு இருந்தேன்."

அக்கா விரலை எடுக்கவில்லை. பிறகு அவள், "லீவு கேட்டாரேடா" என்றாள், அவனிடம் இல்லை, திரையிடம். அவன் அந்த வாயை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினான்.

"இதையே பெருசு பண்ணிக் கொண்டா. கண்ணு இல்லன்னா பரவாயில்ல." அக்கா எழுந்து டீ போடப் போனாள். அவன் வழக்கமாக உட்காருகிற நாற்காலியைப் போகிற போக்கில் காலால் திருப்பி, ஆணியைப் பார்க்க வைத்துவிட்டுப் போனாள்.

"இனிமே வந்தா இந்தப் பக்கம் பார்த்து உட்காரு. ஒரு வருஷமா உன் முதுகைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப்போச்சு."