மேற்கு ஜன்னல்

என் மனைவிக்கு ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் தண்ணீர்தான். காபி, ரசம், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. அதிகம் குடித்தால் நீர் வெளியேற வழியில்லாமல் மூச்சை அடைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாரத்தில் இரண்டு நாள் திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ். மற்ற நாட்களில் தகரக் கூரை போட்ட வாடகை வீட்டில், ஈரத் துணியை உதட்டில் வைத்தபடி படுத்திருப்பாள்.

நான் நூல் மில்லில் வேலை பார்க்கிறேன். இழை அறுந்துபோகாமல் இருக்க அங்கே ஈரக்காற்று விட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தக் காற்றில் நிற்கும்போதெல்லாம் வீட்டில் கிடப்பவளின் நினைப்பு வரும். பழனி ரோட்டுப் பக்கம் எங்களுக்கு ஒரு மனை இருந்தது. அதில் அவளுக்குத் தாகம் எடுக்காத வீடு ஒன்று கட்ட வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு. வைத்தியத்துக்காக டவுனில் மகளோடு தங்கியிருந்தார். "ஏனுங்க, ஊருக்கெல்லாம் கொய்யா அனுப்பறேன், நான் ஒண்ணு கடிச்சா ஆகாதுங்கறாங்க. தோப்புக்காரன் பொழப்பப் பாத்தீங்களா?" என்று சிரிப்பார். அவர் மகள் கட்டட இன்ஜினியர். நானாகப் போய் யாரிடமும் பேச மாட்டேன். என் மனைவிதான் வீட்டுப் பேச்சை எடுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் மனையைப் பார்க்க வந்தாள். மேற்கு ஓரத்தில் ஒரு பெரிய வேம்பு நின்றது. என் மனைவியின் கையைப் பிடித்து வெயிலில் கொஞ்ச நேரம், வேம்படியில் கொஞ்ச நேரம் நிற்க வைத்தாள்.

"வித்தியாசம் தெரியுதுங்களாக்கா?"

"இங்கனயே பாயப் போட்டுரலாம் போல இருக்கே!"

பிறகு அந்தப் பெண் மாத்திரைக் கவரின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினாள். செங்கலைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்து, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டினால் சூடு சீக்கிரம் உள்ளே வராது. மொட்டை மாடியில் வெயில் இறங்காமல் இருக்க வெள்ளை ஓடு பதிக்க வேண்டும். மேற்கே தாழ்வாக ஒரு ஜன்னல். கிழக்கே கூரையை ஒட்டிச் சூடு வெளியேற ஒரு திறப்பு. குளிக்கிற தண்ணீர் வேம்புக்குப் போக ஒரு வாய்க்கால். "எல்லாம் ஒண்ண ஒண்ணு புடிச்சுட்டு நிக்குதுங்கண்ணா. மேக்குக் காத்து மரத்துக்குள்ள பூந்து குளுந்து வந்தாத்தான் அந்த ஜன்னலுக்கு வேலை. மரந்தாங்க மொதச் சுவரு. வேற எதை மாத்துனாலும் அதைத் தொட்டுராதீங்க."

கட்டியவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். கொத்தனார். தங்கைக்காக வேறு வேலையைப் பாதியில் விட்டு வந்தவர். "செங்கல்ல நிக்க வச்சா அது வீடா மாப்ள, கோழிக்கூடா?" என்று கேலி செய்துகொண்டே, படத்தில் இருந்தபடி ஒரு கல் பிசகாமல் கட்டினார்.

ஆனால் அஸ்திவாரம் தோண்டிய வாரமே ஒரு நாள் காலையில் கேட்டார். "ஜல்லி லாரி உள்ள வந்து திரும்ப எடமில்ல மாப்ள. இந்த வேம்பு வேரும் நாளைக்கு அஸ்திவாரத்துக்குள்ள போகும். வெட்டிருவோமா?"

வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவ்வளவு செய்கிறவரிடம் எப்படி மறுத்துப் பேசுவது?

"நீங்க பாத்துச் செய்ங்க மச்சான்" என்றேன்.

அன்று டயாலிசிஸ் நாள். சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் என் மனைவி ஆட்டோவை மனையோரம் நிறுத்தச் சொன்னாள். அடிமரம் மட்டும் முழங்கால் உயரத்துக்கு இருந்தது. என்னிடம் கோபப்படவில்லை. "இம்புட்டுச் சீக்கிரம் வெட்டிட்டாகளா?" என்று மட்டும் கேட்டாள்.

பால் காய்ச்சிய அன்று இன்ஜினியர் பெண் வந்தாள். மேற்கு ஜன்னலருகில் நின்று வெளியே பார்த்தவள், பிறகு, "ஒரு தட்டி கட்டிக்கலாங்கண்ணா" என்றாள். கட்டினேன். ஆடிக் காற்று இரண்டே நாளில் பிய்த்துப் போட்டது. மறுபடி கட்டினேன். தகரக் கொட்டகைக்கு இந்த வீடு தேவலைதான். ஆனால் மதியம் மூன்று மணிக்கு மேல் அந்த ஜன்னல் வழியே அனல்தான் வந்தது. சாத்தினால் புழுங்கியது. காற்றுக்காக வைத்த ஜன்னலை வெயில் தாழும் வரை சாத்தியே வைத்தோம்.

வெயில் தாழ்ந்ததும் அவள் போய் அடிமரத்தின் மேல் உட்காருவாள். ஒரு டம்ளர் தண்ணீரை வாய் வாயாக எடுத்துக் கொப்பளித்து, விழுங்காமல் வேரடியில் துப்புவாள். கடைசி வாயைத்தான் நெடுநேரம் வைத்திருப்பாள். கன்னம் உப்பியிருக்கும். தொண்டை அசைந்துவிடுமோ என்று நான் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அதையும் துப்பிவிட்டு எழுந்து வருவாள்.

இரண்டாவது கோடையில் போய்விட்டாள். வெயிலால்தான் போனாள் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். ஆனால் தாகத்தோடு போனாள்.

அடிமரத்தில் துளிர் விட்டிருந்ததை அதற்கப்புறந்தான் கவனித்தேன். அவள் துப்பிய பக்கத்தில் மட்டும் நாலைந்து கிளை. குளிக்கிற தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன். முதல் வருஷத் திதிக்கு மச்சான் வந்தபோது அவை என் நெஞ்சளவு வளர்ந்திருந்தன.

"வேரு இன்னும் உசுரோட கெடக்கு மாப்ள. செவத்துக்குள்ள போயிரும். தோண்டிருவோமா?"

"வேணாம் மச்சான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்தத் துளிர்களைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இத அன்னைக்குச் சொல்லியிருந்தா நான் வெட்டிருப்பேனா மாப்ள?"

வெட்டியிருக்க மாட்டார். லாரியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, தங்கைக்காக அத்தனை ஜல்லியையும் தலைச்சுமையாகச் சுமந்து வந்திருப்பார். அது எனக்கு அன்றைக்கும் தெரியும்.